‘அவர்தான் முதலில் சொன்னார்’ என்று நிரூபிப்பது ஆய்வாகுமா?

கேள்வி: வரலாற்றில் முதுகலையும் பி.எட்.டும் முடித்துவிட்டுப் பல ஆண்டுகளாகப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். இஸ்லாமியப் பொருளாதாரச் சிந்தனையில் பிஎச்.டி. செய்ய வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ‘ஆடம் ஸ்மித்துக்கு முன்பே பொருளியலின் தந்தை: இப்னு கல்தூன்’ என்ற தலைப்பில் ஆய்வுத் திட்டம் கொடுத்தேன். ‘மிகவும் அகலமாக இருக்கிறது, புதிதாக எதுவும் இல்லை’ என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். அரபியை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், பொருள் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது? எந்தத் துறையில் பதிவு செய்வது?

பதில்: முதலில் தலைப்பை எடுத்துக்கொள்வோம். மற்ற எல்லாச் சிக்கலும் அதிலிருந்துதான் வருகிறது.

1954-இல் வெளிவந்த ‘பொருளியல் பகுப்பாய்வு வரலாறு’ என்ற நூலில் பொருளியலாளர் ஜோசப் ஷும்பீட்டர், ஏறத்தாழ 500 ஆண்டுகளைத் தாண்டி நேராகப் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸிடம் போய்விடலாம் என்று எழுதினார். அந்த இடைவெளியில் அரபியில் எழுதியவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று காட்டுவது அன்றைக்கு அவசியமான வேலை. அதைச் செய்தும் முடித்துவிட்டார்கள். ஸ்பெங்லர் 1964-இலும் பூலாக்கியா 1971-இலும், பதினான்காம் நூற்றாண்டு வரலாற்றாசிரியரான இப்னு கல்தூனைப் பொருளியலாளராகவே வைத்து விரிவாக எழுதினார்கள். ஷும்பீட்டரின் ‘பெரும் இடைவெளி’யை நிரப்புவதற்கென்றே கஸன்ஃபர் தொகுத்த நூல் 2003-இல் வந்தது. நீங்கள் நிரூபிக்க நினைப்பது ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி. குழு ‘புதிதில்லை’ என்றதன் பொருள் இவ்வளவுதான். உங்கள் திறமையைப் பற்றிய தீர்ப்பாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. ‘ஸ்மித்துக்கு முன்பே’ என்று எழுதிய உடனே ஸ்மித் அளவுகோலாகி, இப்னு கல்தூன் அளக்கப்படும் பொருளாகிவிடுகிறார். அவர் எழுதியதில் அந்த அளவுகோலுக்குள் அடங்காததெல்லாம் கண்ணில் படாமல் போகிறது.

வரி பற்றி அவர் எழுதியதைப் பாருங்கள். ஆட்சியின் தொடக்கத்தில் விதிக்கும் வரி குறைவு, திரளும் வருவாய் அதிகம். ஆட்சியின் முடிவில் விதிப்பு அதிகம், வருவாய் குறைவு என்பது, தன் வரலாற்று நூலுக்கு அவர் எழுதிய முன்னுரையான ‘முகத்திமா’வின் மூன்றாம் அத்தியாயத்தில் உள்ள கருத்து. 1981-இல் அமெரிக்க அதிபர் ரேகன் தன் வரிக்குறைப்புக் கொள்கைக்கு ஆதரவாக இதைச் சொன்ன பிறகு உலகம் முழுதும் பரவிவிட்டது. ஆனால் அந்தப் பகுதி ஓர் அரச மரபின் ஆயுளைப் பற்றியது. எளிய வாழ்க்கையிலிருந்து ஆட்சிக்கு வருபவர்கள் மார்க்கம் விதித்த வரிகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆடம்பரம் பழகப் பழகச் செலவு கூடுகிறது. வரி மேல் வரி விழுகிறது. பயிரிடுபவனுக்கும் வணிகனுக்கும் முயற்சி செய்யும் ஆசையே அற்றுப்போகிறது. இதுதான் அவருடைய வாதம். கொஞ்சம் தள்ளிப்போய், அரசு என்பதே மிகப் பெரிய சந்தை என்றும், ஆள்பவர் செலவைச் சுருக்கி பணத்தை முடக்கினால் சந்தை படுத்து வரி வருவாயும் குறையும் என்றும் எழுதுகிறார். வரியைக் குறை என்பவரும் அவரைக் காட்டலாம், அரசு செலவு செய்ய வேண்டும் என்பவரும் அவரையே காட்டலாம். இரண்டையும் ஒரே மனிதர், ஒரே அத்தியாயத்தில், ஒரே கேள்விக்குப் பதிலாக எழுதியிருக்கிறார். அந்தக் கேள்வி என்ன என்பதைக் கண்டுபிடிப்பதே வரலாற்று ஆய்வு.

அபூ யூசுஃபுக்கும் இதே கதிதான். 798-இல் இறந்த இந்தச் சட்ட அறிஞர், கலீஃபா ஹாரூன் அர்-ரஷீதுக்காகக் ‘கிதாபுல் கராஜ்’ (நிலவரி நூல்) எழுதினார். தானியம் ஏராளமாக இருந்தும் விலை ஏறுவதுண்டு, குறைவாக இருந்தும் விலை இறங்குவதுண்டு என்று அதில் ஓரிடத்தில் வருகிறது. ‘இவர் தேவை–அளிப்பு விதியை மறுத்தார்’ என்று ஒருவர் எழுத, ‘இல்லை, அதைவிட ஆழமாகப் புரிந்துகொண்டார்’ என்று இன்னொருவர் எழுதுவார். ஆனால் அவர் பேசிக்கொண்டிருந்தது நிலவரியைப் பற்றி. நிலத்தை அளந்து நிலையான தொகை விதிப்பதா, விளைச்சலில் பங்கு வாங்குவதா? விலை இப்படிக் கணிக்க முடியாமல் ஆடும்போது நிலையான தொகை சில காலம் கருவூலத்தை அடிக்கும், சில காலம் உழவரை அடிக்கும். ஆகவே பங்குமுறையே மேல் என்பது அவர் முடிவு. விலையைப் பற்றிய வாக்கியம் அந்த வாதத்தின் ஒரு கண்ணி. அதைக் கழற்றி எடுத்துத் தனியே விதி என்று மாட்டினால் இரண்டு பக்கமும் அறுந்துபோகும்.

உங்கள் திட்டத்தில் கலந்துபோயிருக்கும் இன்னொன்றையும் பிரித்துவிடுங்கள். இஸ்லாமியப் பொருளாதாரச் சிந்தனையின் வரலாறு ஒன்று. இஸ்லாமியப் பொருளியல் என்ற நவீனத் துறை வேறொன்று. இரண்டாவது, இருபதாம் நூற்றாண்டில் உருவானது. ஈராக்கிய மார்க்க அறிஞர் பாகிருஸ் ஸத்ரின் ‘இக்திஸாதுனா’ (நமது பொருளியல்) 1961-இல் வந்தது. முதல் பன்னாட்டு மாநாடு 1976-இல் மக்காவில் நடந்தது. அதுவரை வந்த எழுத்துகளை நஜாத்துல்லாஹ் சித்தீகி 1981-இல் தொகுத்து ஆராய்ந்தார். இத்துறையே நவீன கால அடையாளத் தேடலின் விளைவு என்று பொருளியலாளர் திமூர் குரான் கடுமையாக விமர்சித்திருக்கிறார். உடன்படாவிட்டாலும் அவரைப் படிக்காமல் இதற்குள் நுழையக் கூடாது. வட்டியில்லா வங்கி ஆராய்ச்சியாளர்களுக்குப் பதினான்காம் நூற்றாண்டு நூல் ஒரு சான்றுக் கிடங்கு. வரலாற்றாசிரியருக்கோ அந்த நூலே ஆய்வுப் பொருள். உங்கள் படிப்பையும் தொழிலையும் பார்த்தால் நீங்கள் வரலாற்றாசிரியர் பக்கம்.

உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் ஆசிரியர், வரலாறு படித்தவர். முகத்திமாவில் உங்களுக்காகவே எழுதியதுபோல் இரண்டு இடங்கள் இருக்கின்றன.

முதலாவது, ஐந்தாம் அத்தியாயம். காளி (நீதிபதி), முஃப்தி (மார்க்கச் சட்டத் தீர்ப்பு சொல்பவர்), ஆசிரியர், இமாம், கதீபு (பள்ளிவாசலில் உரை நிகழ்த்துபவர்), முஅத்தின் (தொழுகைக்கு அழைப்பவர்) போன்றவர்கள் பெரும்பாலும் செல்வந்தர் ஆவதில்லை என்று ஒரு தனிப் பகுதியே எழுதியிருக்கிறார். உழைப்பின் மதிப்பு மக்களின் தேவையைப் பொறுத்தது; இவர்களுடைய பணியைப் பொதுமக்கள் அன்றாடம் நெருக்கடியோடு தேடி வருவதில்லை; ஆள்பவர் ஒதுக்கும் பங்கைத்தான் இவர்கள் நம்பியிருக்க வேண்டும்; தங்கள் பணியின் மேன்மையை உணர்ந்தவர்கள் என்பதால் யாரிடமும் குழைந்து நிற்கவும் மாட்டார்கள். இது அவர் சொல்லும் காரணம். அடுத்து வருவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். கற்றவர் ஒருவர் இதை ஏற்க மறுத்து அவரோடு வாதாடினாராம். பிறகு கலீஃபா மஃமூனின் அரண்மனைக் கணக்கேடுகளிலிருந்து சிதறிய சில தாள்கள் இப்னு கல்தூனின் கைக்கு வந்தன. அவற்றில் காளிகள், இமாம்கள், முஅத்தின்களின் சம்பளம் குறித்திருந்தது. அதைக் காட்டியதும் அந்த மனிதர் ஒப்புக்கொண்டார். கல்வியாளரின் கூலி பற்றிய ஒரு பொருளாதாரக் கருத்தை ஐந்து நூற்றாண்டுக்கு மேல் பழைய ஆவணத்தைக் கொண்டு நிறுவுகிறார். கல்வி, வரலாறு, பொருளாதாரம் மூன்றும் ஒரே பத்தியில் சந்திக்கின்றன.

இரண்டாவது இடம் ஆறாம் அத்தியாயம். கெய்ரோவில் கல்வி ஏன் செழித்தது என்று கேட்டுக்கொண்டு, அன்று எகிப்தை ஆண்ட மம்லூக் அரசின் படைத்தலைவர்களான அமீர்களின் அச்சத்தைக் காரணமாகக் காட்டுகிறார். தாங்கள் இறந்த பின் சுல்தான் தங்கள் பிள்ளைகளின் சொத்தில் கை வைப்பாரோ என்று அஞ்சிய அமீர்கள், மதரஸாக்களையும் ஸூஃபி விடுதிகளையும் கட்டி, நிலங்களை வக்ஃபு செய்தார்கள், அதாவது நிலையான அறக்கொடையாக எழுதிவைத்தார்கள். பிள்ளைகளை அதன் நிர்வாகிகளாகவோ வருமானத்தில் பங்குடையவர்களாகவோ வைத்தார்கள். நன்மை செய்யும் எண்ணமும் கூடவே இருந்தது என்பதை அவர் மறுக்கவில்லை. வக்ஃபுகள் பெருகின, உதவித்தொகை பெருகியது, மாணவரும் ஆசிரியரும் பல இடங்களிலிருந்து வந்து குவிந்தார்கள்.

இதைத் தொலைவில் நின்று எழுதவில்லை அவர். சுல்தான் ஸலாஹுத்தீன் கெய்ரோவில் நிறுவிய கம்ஹிய்யா மதரஸாவில் 1384-இல் ஆசிரியராக அமர்த்தப்பட்டவர். அதன் பெயரே கோதுமையைக் குறிக்கும் ‘கம்ஹ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது; வக்ஃபு நிலத்துக் கோதுமை அங்கே பங்கிடப்பட்டது. முகத்திமாவின் முதல் வடிவத்தை 1377-இல், இன்றைய அல்ஜீரியாவில் ஒரு கோட்டையில் தங்கியிருந்தபோது எழுதி முடித்தார். கெய்ரோ வந்த பிறகும் திருத்திக்கொண்டே இருந்தார். கற்பிப்பவருக்குப் பெரும் செல்வம் சேராது என்றவரும், வக்ஃபுச் சம்பளத்தால் கல்வி செழித்தது என்றவரும் ஒருவரே. இந்த இரண்டும் எப்படிப் பொருந்துகின்றன? நூலில் எந்த வாக்கியம் எப்போது சேர்ந்தது? இதுதான் நான் பரிந்துரைக்கும் கேள்வி. ஒரு பிஎச்.டி.க்குப் போதுமான அளவு சிறியது.

நூலை மட்டும் வைத்துக்கொண்டு நின்றுவிடாதீர்கள். மம்லூக் காலத்து வக்ஃபுப் பத்திரங்கள் கெய்ரோவில் பெருமளவில் எஞ்சியிருக்கின்றன. பல அச்சிலும் வந்துள்ளன. ஆசிரியருக்கு மாதம் எவ்வளவு, மாணவருக்கு எவ்வளவு, விளக்குக்கு எண்ணெய் எவ்வளவு என்று அவை நுணுக்கமாகப் பேசும். ஆனால் எச்சரிக்கை: வக்ஃபுப் பத்திரம் கொடுக்க வேண்டியதைத்தான் சொல்லும். கொடுத்தார்களா என்பதை வேறெங்காவது தேட வேண்டும். ஜெருசலேமின் ஹரம் பள்ளிவாசல் வளாகத்தில் 1970-களில் கிடைத்த ஏறத்தாழ 900 மம்லூக் கால ஆவணங்கள் அதற்கு உதவலாம். அல்-மக்ரீஸியின் ‘இகாஸதுல் உம்மா’ அவசியம். இப்னு கல்தூனிடம் பாடம் கேட்டவர், கெய்ரோவில் சந்தைக் கண்காணிப்பாளராக இருந்தவர். எகிப்தின் பஞ்சத்தையும் விலையேற்றத்தையும் பற்றி ஹிஜ்ரி 808-இல் இதை எழுதினார். பதவிகளை விலைக்கு விற்றது, நிலக்குத்தகை ஏறியது, செப்புக்காசு பெருகியது என்று காரணங்களை அடுக்கிவிட்டு, மக்களை ஏழு பிரிவாக்கி யார் எவ்வளவு நொந்தார்கள் என்று பார்க்கிறார். சட்ட அறிஞர்களில் பெரும்பாலோரும் மாணவர்களும் ஐந்தாம் பிரிவில், நிலையான படியை நம்பியிருந்தவர்களோடு வருகிறார்கள். உங்கள் கேள்வியின் மறுபாதி அங்கே காத்திருக்கிறது.

அரபி விஷயத்தில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். அரபி தெரியாமல் இந்த ஆய்வு நிற்காது. ரோசந்தால் 1958-இல் செய்த மூன்று தொகுதி ஆங்கில மொழிபெயர்ப்பு அருமையானது, ஆனாலும் மொழிபெயர்ப்புதான். ‘கஸ்பு’ என்ற சொல்லை அவர் பல இடங்களில் லாபம் என்று பெயர்க்கிறார். இப்னு கல்தூனுக்கு அது மனிதன் முயன்று ஈட்டுவது. அதிலிருந்து அவன் உண்மையில் அனுபவிப்பது ‘ரிஸ்கு’. லாபம் என்று படித்தவர் நேரே, பொருளின் மதிப்பு உழைப்பிலிருந்தே வருகிறது என்ற உழைப்பு மதிப்புக் கோட்பாட்டுக்குப் போய்விடுவார்; அரபியில் படித்தவர் முதலில் இறையியலுக்குள் நுழைய வேண்டியிருக்கும். நல்ல செய்தி என்னவென்றால், நீங்கள் மொத்த அரபி இலக்கியத்தையும் கற்க வேண்டியதில்லை. நான் சொன்ன இரண்டு பகுதிகளையும் எடுத்து, மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்து, ஒரு மதரஸா ஆசிரியரின் துணையோடு நாளுக்கு ஐந்து வரி படியுங்கள். ஒவ்வொரு சொல்லின் வேரையும் நோட்டில் எழுதுங்கள். எழுத்துக்கூட்டத் தெரிந்தவருக்குப் பாதித் தயக்கம் ஏற்கெனவே போயிருக்கும்.

பெயர்களில் கவனம் தேவை. குழந்தைகளுக்கு முதலில் கவிதையும் மொழியும் கணக்கும், பிறகு குர்ஆனும் கற்பிக்கலாம் என்று யோசனை சொன்ன இப்னுல் அரபியை இப்னு கல்தூன் மேற்கோள் காட்டுகிறார். அவர் 1148-இல் இறந்த, மாலிக்கி சட்டப் பிரிவைச் சேர்ந்த காளி அபூபக்ர் இப்னுல் அரபி. 1240-இல் இறந்த ஸூஃபி ஞானி முஹ்யித்தீன் இப்னு அரபி வேறு ஆள். இருவரையும் ஒருவராக்கிய கட்டுரையைப் பார்த்தால் தேர்வாளர் மேலே படிக்க மாட்டார். ஹிஜ்ரி ஆண்டையும் அப்படியே ஒரு கிறிஸ்தவ ஆண்டாக மாற்றிவிடாதீர்கள்: 808 என்பது 1405 நடுவில் தொடங்கி 1406 நடுவில் முடிகிறது. மக்ரீஸியின் அந்த நூலும் இப்னு கல்தூனின் மரணமும் அந்த ஒரே ஆண்டுக்குள் வருவன.

துறையைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். பொருளியல் துறையில் பெரும்பாலும் மாதிரியும் தரவும் கேட்பார்கள். கல்வியியல் துறையில் கல்வி வரலாற்றுக்கு இடமுண்டு, ஆனால் அரபி மூலத்தைச் சரிபார்க்க ஆள் கிடைப்பது அரிது. வரலாற்றுத் துறையில் பதிவு செய்து, அரபித் துறையிலிருந்து ஒருவரை இணை நெறியாளராகக் கேளுங்கள்.

புதிய திட்டத்தின் முதல் பக்கத்தில் ஆடம் ஸ்மித் வேண்டாம், ‘தந்தை’ என்ற சொல்லும் வேண்டாம். மஃமூனின் கணக்குத் தாள்களைக் காட்டி ஒருவரைச் சம்மதிக்கவைத்த அந்த நிகழ்ச்சியை ஐந்தே வரியில் சொல்லுங்கள். அடுத்த பத்தியில் அமீர்களின் வக்ஃபு. மூன்றாவதில் உங்கள் கேள்வி. நான்காவதில், எந்தெந்த வக்ஃபுப் பத்திரங்களை, எந்தப் பதிப்பில் படிக்கப்போகிறீர்கள் என்ற விவரம். பட்டியல் சிறியதாக இருக்கலாம். நான்கு பத்திரங்கள் இருந்தாலும் போதும், அவற்றில் ஆசிரியரின் சம்பளம் குறித்த வரி இருக்க வேண்டும்.