பத்திரம் வராத வாரிய வீடு

கேள்வி: வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் ஒரு வீடு விலைக்கு வருகிறது. ஒதுக்கீடு பெற்றவர் தவணையெல்லாம் கட்டி முடித்துப் பல வருடம் ஆகிவிட்டதாம். ஆனால் வாரியத்திடம் இன்னும் கிரயப் பத்திரம் வாங்கவில்லை. "இப்போதைக்கு பவர் எழுதித் தருகிறேன், பத்திரத்தைப் பிறகு உங்கள் பெயருக்கே வாங்கிக்கொள்ளலாம்" என்கிறார். பக்கத்துத் தனியார் குடியிருப்பைவிட விலை நன்றாகவே குறைவு. வாங்கலாமா?

பதில்: வீட்டை வாங்குங்கள், பவரை வாங்காதீர்கள்.

வாரிய வீடு ஒதுக்கீடானதும் கைக்கு வருவது ஒதுக்கீட்டு ஆணையும் ஓர் ஒப்பந்தமும்தான். தவணை ஓடும் காலத்தில் பொதுவாக வீட்டுக்குச் சொந்தக்காரர் வாரியமே. கடைசித் தவணையைக் கட்டிய மறுநாள் வீடு தானாகக் கைமாறிவிடாது. வாரியம் கிரயப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். ஆக, உங்களிடம் வந்திருப்பவர் இன்னும் தன் பெயருக்கு வராத ஒன்றை விற்கிறார். பவர், விற்பனை ஒப்பந்தம், உயில் என்று மூன்றையும் சேர்த்துக் கொடுத்தாலும் அதனால் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் காலமாகிவிட்டால் நீங்கள் அவருடைய வாரிசுகள் ஒவ்வொருவரிடமும் கையெழுத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

எனக்கு இன்னொன்றும் உறுத்துகிறது. எல்லாம் கட்டி முடித்தவர் ஏன் இத்தனை வருடம் பத்திரம் வாங்கவில்லை? வெறும் சோம்பலாகவும் இருக்கலாம், பதிவுச் செலவை நினைத்துத் தள்ளிப்போட்டும் இருக்கலாம். ஆனால் வாரிய வீடுகளில் அடிக்கடி கேள்விப்படும் காரணம் வேறு. ஒதுக்கீட்டின்போது சொல்லப்படுவது பல திட்டங்களில் தற்காலிக விலைதான், இறுதி விலை பின்னால் வரும். நிலத்தைக் கொடுத்தவர்கள் இழப்பீடு போதாது என்று வழக்குப் போட்டு வென்றால், அந்தக் கூடுதல் தொகை ஒதுக்கீடுதாரர்கள் தலையில் வந்து விழும். அந்த வழக்கு முடியப் பத்து, இருபது வருடம்கூட ஆகலாம். அதன் மேல் வட்டி வேறு. "கட்டி முடித்தேன்" என்பது அவர் கணக்கு. வாரியத்தின் பேரேட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் உங்களுக்கு முக்கியம். விண்ணப்பத்திலேயே 'உத்தேச விலை' என்று போட்டிருந்தால் பின்னால் ஏறியதைக் குறை சொல்வதும் சுலபமில்லை. 1989இல், வாரியம் போலவே வீடு கட்டித் தரும் அரசு அமைப்பான பரேலி வளர்ச்சி ஆணையத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம்தான் நின்றது.

எனவே நிலுவை எவ்வளவு என்று வாரியத்திடமிருந்து எழுத்தில் வாங்கிவரச் சொல்லுங்கள். அலுவலகத்தில் இழுத்தடித்தால் அவரே தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். ஒதுக்கீட்டு ஆணையை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். இத்தனை வருடத்துக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை அதற்குள் ஒளிந்திருக்கலாம். ஆணையில் இருப்பது அப்பா பெயர், விற்க வருவது மகன் என்றால் முதலில் வாரிசு பெயர் மாற்றம் நடக்க வேண்டும். விற்பவர் பெயரில் கிரயப் பத்திரம் பதிவாகி, வில்லங்கச் சான்றில் அது ஏறியதைப் பார்த்த பிறகே முழுப் பணம். அதுவரை வீட்டைக் கைவிட மனமில்லையா? சரி, சிறிய தொகையை முன்பணமாகக் கொடுங்கள். கெடு தேதியையும், தவறினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் எழுதி, அந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: வாரியம் கட்டிய அடுக்குமாடியில் குடியேறி இரண்டு வருடம்தான் ஆகிறது. கூரை ஒழுகுகிறது, பூச்சு உதிர்கிறது. புகார் சொன்னால், "மலிவு விலையில் கொடுத்த வீடு, இப்படித்தான் இருக்கும். அரசு மேல் நுகர்வோர் வழக்கெல்லாம் போட முடியாது" என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. இது 1993லேயே முடிந்த விவாதம். லக்னோ வளர்ச்சி ஆணையம் ஒருவரிடம் பணம் முழுவதும் வாங்கிக்கொண்டு வீட்டை ஒப்படைக்காமல் இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வீட்டுவசதி செய்து தரும் அரசு அமைப்புகள் தருவதும் 'சேவை'தான், அவை நுகர்வோர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை என்று தீர்ப்பு வந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, மன உளைச்சலுக்கான 10,000 ரூபாயைக் காரணமான அதிகாரிகளின் சம்பளத்திலிருந்து பிடிக்கச் சொன்னதுதான்.

உங்கள் குடியிருப்பு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவானதா என்று பாருங்கள். அந்தச் சட்டத்தில் தனியார் கட்டுநருக்கு உள்ள பொறுப்பு வாரியத்துக்கும் உண்டு. வீட்டை ஒப்படைத்த 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறையைச் சுட்டிக்காட்டினால் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். வாயால் சொன்ன புகாருக்கு மதிப்பில்லை, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மழை நாளில் ஒழுகுவதைத் தேதியோடு படம் எடுங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால், நீங்கள் கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையம் போதும். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருடம் என்பது காலக்கெடு. உங்களுக்கு அது நெருங்கிக்கொண்டிருக்கலாம், சீக்கிரம் கிளம்புங்கள்.

கேள்வி: வாரியம் நடத்திய பொது ஏலத்தில் மனை எடுத்தேன். சாலை போடவில்லை. நானும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: உங்கள் நிலை வேறு. உள்ளது உள்ளபடி என்று ஏலத்தில் எடுத்தவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று 2009இல் சண்டிகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஏல அறிவிப்பில் சாலை போட்டுத் தருவதாக எழுதியிருந்ததா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் பேச இடமுண்டு, அந்தத் தாளோடு ஒரு வக்கீலைப் பாருங்கள்.