காலில் நூல் சுற்றிய பெட்டைக்கோழி

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள காலி மனையில் யாருக்கும் சொந்தமில்லாத கோழிகள் கூட்டமாகத் திரிகின்றன. போன மாதம் ஒரு சேவல் இறகை உப்ப வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தது. தூக்கி வந்து, அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் செத்துவிட்டது. என்னால்தானோ என்று மனசு உறுத்துகிறது. இப்போது ஒரு பெட்டை, விரலில் நூல் சுற்றி நொண்டிக்கொண்டு வருகிறது. பிடித்து வைத்தியம் பார்க்கலாமா, அதன் போக்கில் விட்டுவிடலாமா? வீட்டில் நாங்களும் நான்கு கோழிகள் வளர்க்கிறோம்.
— ஒரு வாசகி

பதில்: பெட்டையைப் பிடியுங்கள். நூல் தானாக அவிழாது. நாளாக ஆக இறுகிக்கொண்டேதான் போகும். எப்படிப் பிடிப்பது என்று சொல்வதற்கு முன் சேவலைப் பற்றிப் பேசிவிடுகிறேன், உங்கள் மனசு அங்கேதான் நிற்கிறது.

கோழி தன் நோயை முடிந்தவரை வெளியே காட்டாது. சோர்ந்து நிற்பதைக் கண்டால் மற்ற கோழிகளே கொத்தும், பூனையும் நாயும் குறிவைக்கும். அதனால் கடைசிவரை நல்லபடியாக இருப்பதுபோலவே நடமாடும். ஆள் பக்கத்தில் வந்தும் ஓடாமல் ஒரு கோழி கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறது என்றால், நோய் முற்றிப்போய்விட்டது என்று அர்த்தம். உங்கள் கைக்கு வந்தபோது அந்தச் சேவலுக்கு மிச்சமிருந்த தெம்பு மிகக் கொஞ்சம். அதனால் பழியை உங்கள் மேல் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆனால் அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றுவது மட்டும் இனி வேண்டாம். கோழிக்கு மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. ஊற்றுகிற தண்ணீர் அதற்குள் இறங்கிவிடும். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள், தெம்பிருந்தால் தானே விழுங்கும். விழுங்கவில்லையா, நிறுத்திவிடுங்கள்.

சோர்ந்த கோழிக்கு முதலில் சூடு, பிறகு நீர், அதற்கப்புறம்தான் தீனி. இந்த வரிசை மாறக் கூடாது. நல்ல ஆரோக்கியமான கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், நம்முடையதைவிட நான்கு டிகிரி அதிகம். உடம்பு குளிர்ந்துபோன கோழிக்குத் தீனி கொடுத்தால் செரிக்காது, கழுத்தடியில் உள்ள தீனிப்பையிலேயே தங்கிப் புளித்துவிடும். காற்றுத் துளையுள்ள அட்டைப்பெட்டியில் பழைய டவலை விரித்து, ஒரு பக்கம் மட்டும் துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை வைத்து, மேலே மூடி, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் விட்டுவிடுங்கள். சூடு அதிகமானால் அது மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். மனிதக் கைக்குப் பழகாத கோழி இது. நாம் அன்பாகத் தடவிக் கொடுப்பதுகூட அதற்கு உயிர்ப்பயம்தான். அரை மணிக்கொரு தரம் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

சரி, பெட்டைக்கு வருவோம். அதற்குக் குஞ்சுகள் உண்டா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அவற்றையும் சேர்த்துத்தான் எடுத்து வர வேண்டும். பகலில் துரத்தாதீர்கள், நொண்டும் காலோடு ஓடியே களைத்துவிடும். எங்கே அடைகிறது என்று கவனித்து வைத்துக்கொண்டு, நன்றாக இருட்டிய பிறகு போங்கள். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. மேலிருந்து டவலைப் போட்டு, இறக்கைகளை உடம்போடு சேர்த்துத் தூக்கினால் வந்துவிடும். நெஞ்சை மட்டும் அழுத்திப் பிடிக்காதீர்கள். நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சுக்கு உதவும் உதரவிதானம் என்ற தசை இருப்பதுபோல் கோழிக்குக் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதனால் மூச்சு விட முடியும். இறுக்கிப் பிடித்த பிடியிலேயே மூச்சு முட்டிச் சாகும் பறவைகள் உண்டு.

நூலை நேரடியாகக் கத்தரிக்கப் போகாதீர்கள். கால் லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்புக் கரைத்து, பாதத்தைப் பத்து நிமிடம் ஊற விடுங்கள். காய்ந்த எச்சமும் மண்ணும் கரைந்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். வெளியே ஒற்றை நூலாகத் தெரிவது, பெரும்பாலும் நூலும் தலைமுடியும் பின்னிய சிக்காக இருக்கும். நூலைவிட முடிதான் மோசம், சதையை அறுத்துக்கொண்டு உள்ளே போய்விடும், மேலே தோல் மூடிவிடும். நல்ல வெளிச்சத்தில், மழுங்கிய ஊசியால் ஓர் இழையை நெம்பித் தூக்கி, சிறு கத்தரியால் அதை மட்டும் வெட்டுங்கள். பிடித்து இழுக்காதீர்கள், ஒவ்வொரு சுற்றாக எடுங்கள். கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் பெட்டியில் விட்டுவிட்டு, அடங்கிய பின் தொடரலாம். எடுத்த பிறகு விரல் வீங்கிச் சூடாக இருந்தால் நல்லது, ரத்தம் ஓடுகிறது. கறுத்து, காய்ந்து, சில்லென்று இருந்தால் அந்த விரல் போனதுதான். நீங்கள் வெட்ட வேண்டாம், தானாக உதிர்ந்துவிடும். ஒரு விரல் இல்லாமலும் கோழி மண்ணைக் கிளறும், கிளையில் அடையும். சீழ் வாடை வந்தாலோ, இழை எலும்புவரை இறங்கியிருந்தாலோ கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

மருத்துவரிடமே போக வேண்டிய இன்னும் இரண்டைச் சொல்கிறேன். பூனை கடித்த காயம் ஊசித்துளை அளவே தெரிந்தாலும் உள்ளே கிருமி பரவிவிடும், அன்றைக்கே மருந்து தேவை. இறக்கையின் மேலெலும்பு ஒடிந்து வெளியே தெரிந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. அந்த எலும்பின் உட்குழி காற்றுப்பைகளோடு சேர்ந்தது, தண்ணீர் அந்த வழியாக மூச்சு மண்டலத்துக்குள் போய்விடும். எதுவானாலும், வீட்டில் இருக்கிற வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள்.

உங்கள் நான்கு கோழிகளும் இந்தப் பெட்டையும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கவே கூடாது. வெள்ளைக்கழிச்சல் என்ற கோழித் தொற்றுநோயின் கிருமி உங்கள் செருப்பில் ஒட்டிக்கொண்டே கூட்டுக்குப் போய்விடும். முதலில் உங்கள் கோழிகளுக்குத் தீனி வைத்து முடித்துவிட்டு, கடைசியில் இதைப் பாருங்கள். தீனிக் கிண்ணமும் செருப்பும் தனியாக இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சின்னக் குழந்தைகளைத் தொட விடாதீர்கள். மனிதருக்கும் வயிற்றுப்போக்கை வரவைக்கும் சால்மோனெல்லா என்ற கிருமி கோழியின் வயிற்றில் சத்தமில்லாமல் இருக்கக்கூடியது.

மனையில் ஒரே நேரத்தில் பல கோழிகள் செத்துக் கிடந்தாலோ, கழுத்து முறுக்கிக்கொண்டாலோ, முகம் வீங்கிக் கொண்டை நீலமாக மாறினாலோ எதையும் தொடாதீர்கள், உடனே கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலா என்று பார்க்க வேண்டியது அவர்கள் வேலை.

கொண்டையிலும் தாடியிலும் மட்டும் பொருக்கு இருந்து, நன்றாக மேய்ந்துகொண்டிருந்தால் அது பெரும்பாலும் அம்மை. பொருக்கை உரிக்காமல் விட்டாலே சில வாரங்களில் ஆறிவிடும். அந்தக் கோழியைப் பிடிக்க வேண்டியதில்லை. காலில் நூல் எதுவும் சுற்றாமல், லேசாக நொண்டினாலும் மற்றவற்றோடு சேர்ந்து மேய்ந்து, இரவில் உயரத்தில் ஏறி அடைகிற கோழியையும் விட்டுவிடலாம்.

காயம் காய்ந்து, காலை ஊன்றி நிற்க ஆரம்பித்ததும் பெட்டையை அனுப்பிவிடுங்கள். பாசம் வந்து நிறைய நாள் வைத்துக்கொண்டால் திரும்பிப் போகும்போது கூட்டம் அதை அந்நியமாகப் பார்த்துக் கொத்தும். பிடித்த அதே இடத்தில், காலையிலேயே விடுங்கள். சாயங்காலம் விட்டால் அடைய இடம் தேடுவதற்குள் இருட்டிவிடும்.