பின் விளக்கு எரிகிறதா என்று யார் பார்ப்பது? சைக்கிள் விளக்குக் கேள்வி பதில்

காட்பாடியில் வீடு, பாகாயம் பக்கம் வேலை. விருதம்பட்டு, பாலாற்றுப் பாலம், புதிய பேருந்து நிலையம், தொரப்பாடி என்று தினமும் சைக்கிள்தான். வீடு திரும்ப எட்டரை ஆகிவிடும். தொழில் எலக்ட்ரீஷியன் என்பதால் விளக்கு விஷயத்தில் என்னிடம் கேட்காத ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலூர்க் கோட்டைப் பக்கம் டீ குடிக்கச் சேரும் சைக்கிள் நண்பர்கள் கேட்டதையும் அவர்கள் மூலம் வந்ததையும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

அண்ணா, சத்துவாச்சாரியிலிருந்து தினமும் போய் வருகிறேன். கையில் ஐந்நூறு ரூபாய்தான் இருக்கிறது. நல்ல முன் விளக்காக ஒன்று சொல்லுங்கள்.

முன் விளக்கு அப்புறம். முதலில் பின்னால் சிவப்பு விளக்கு வாங்குங்கள் தம்பி. ஒன்று இல்லை, இரண்டு.

காரணம் இருக்கிறது. முன் விளக்கு அணைந்தால் அடுத்த நொடி உங்களுக்கே தெரிந்துவிடும், இறங்கித் தட்டிப் பார்ப்பீர்கள். பின் விளக்கு அணைந்தால் பின்னால் வருகிறவனுக்குத்தான் தெரியும், அதுவும் கிட்டே வந்த பிறகு. நான் செய்த பின் விளக்கு ஒருமுறை மூன்று நாள் எரியாமலே பாலத்தைத் தாண்டியிருக்கிறது. தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பையன் ஒருவன் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. திறந்து பார்த்தால் ஈயம் வைத்த இடத்தில் ஒரே ஒரு இழை விட்டிருந்தது. அன்றிலிருந்து பின்னால் இரண்டு விளக்கு. ஒன்று நான் செய்தது, இன்னொன்று கடையில் வாங்கியது. இரண்டுக்கும் பேட்டரி வேறு வேறு. இரண்டும் ஒரே நாளில் கைவிடாது.

யுஎஸ்பி சார்ஜ் ஆகும் சின்னச் சிவப்பு விளக்கு இருநூறு ரூபாய் சுமாருக்குக் கிடைக்கிறது. இரண்டு வாங்கி, மிச்சக் காசுக்குச் சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப் வாங்கி மட்கார்டில் ஒட்டுங்கள். முன்னால் இப்போதைக்கு வீட்டு டார்ச்சைப் பழைய டியூப் துண்டால் ஹேண்டில்பாரில் கட்டினால் போதும். டியூப் துண்டு எந்த சைக்கிள் கடையிலும் சும்மா கொடுப்பார்கள். கடையில் வரும் பிளாஸ்டிக் கிளாம்பை விட அது இறுக்கமாகப் பிடிக்கும்.

பெட்டியில் 9800 எம்ஏஎச் பேட்டரி, பல ஆயிரம் லூமன் என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

நம்ப வேண்டாம். எம்ஏஎச் என்பது பேட்டரி எவ்வளவு பிடிக்கும் என்பதன் அளவு, லூமன் வெளிச்சத்தின் அளவு. உள்ளே இருக்கும் 18650 செல் 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உள்ளது. அந்த அளவுக்குள் நல்ல கம்பெனி செல்லே 3500 எம்ஏஎச் சுற்றித்தான் பிடிக்கும். பேட்டரியில் மூன்று மடங்கு அளப்பவன் லூமனில் மட்டும் அளக்காமல் விடுவானா?

தெரு விளக்கு உள்ள ஊருக்குள் 50, 100 லூமன் போதும், உங்களை மற்றவர்கள் பார்த்துவிடுவார்கள். விளக்கே இல்லாத சாலையில் பள்ளம் தெரிய 200 முதல் 400 வரை வேண்டும். அதற்கு மேல் போவது எதிரே வருகிறவரின் கண்ணைக் குத்தத்தான் பயன்படும்.

பாலிடெக்னிக் படிக்கிறேன் அண்ணா. வீட்டில் ஒரு பவர் பேங்க் சும்மா கிடக்கிறது. அதை வைத்து நானே முன் விளக்கு செய்ய முடியுமா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். தாராளமாகச் செய்யலாம்.

1 வாட் வெள்ளை எல்இடி ஒன்று வாங்குங்கள். நட்சத்திர வடிவ அலுமினியத் தகட்டில் ஒட்டியே விற்பார்கள். அது 3.2 வோல்ட் அளவில் 350 மில்லி ஆம்பியர் இழுக்கும். பவர் பேங்க் தருவது 5 வோல்ட். மிச்சம் 1.8 வோல்ட்டை ரெசிஸ்டர் விழுங்க வேண்டும். 1.8ஐ 0.35ஆல் வகுத்தால் சுமார் 5.1 ஓம். அதில் வீணாகும் சக்தி 0.63 வாட், அதனால் கால் வாட் ரெசிஸ்டர் போட்டால் கருகிவிடும். 1 வாட் ரெசிஸ்டரே போடுங்கள். ரெசிஸ்டர் இல்லாமல் நேராகக் கொடுத்துப் பார்க்கலாம் என்று கை துறுதுறுக்கும். கொடுத்தால் எல்இடி போய்விடும்.

எல்இடி சூடாகும். நட்சத்திரத் தகட்டை மட்டும் நம்பாமல், பின்னால் ஒரு அலுமினியத் துண்டில் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் தடவித் திருகி வையுங்கள். ஜன்னல் வேலை செய்கிறவரிடம் கேட்டால் வெட்டுத் துண்டு கிடைக்கும். முன்னால் 15 டிகிரி லென்ஸ் ஒன்று. அது இல்லாவிட்டால் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறி, சாலையில் ஒன்றுமே விழாது. உடம்புக்குப் பிவிசி பைப்பின் மூடி சரியாக இருக்கும்.

10,000 எம்ஏஎச் என்று போட்ட பவர் பேங்க் 5 வோல்ட்டில் உண்மையாகக் கொடுப்பது 6000 சுமார். அதன் உள்ளே இருக்கும் செல் 3.7 வோல்ட், அதை 5 ஆக ஏற்றும்போது இழப்பும் உண்டு. ஆனாலும் இந்த விளக்குக்கு 17 மணி நேரம் வரும். ஒரு வாரத்துக்கு மேல் ஓடும்.

இன்னொன்று. பல பவர் பேங்குகள் இழுப்பு குறைவாக இருந்தால், போன் கழற்றப்பட்டது என்று நினைத்துத் தானே அணைந்துவிடும். அதனால் 20 மில்லி ஆம்பியர் சிவப்பு எல்இடி ஒன்றை மட்டும் அதில் மாட்டினால் அரை நிமிடத்தில் இருட்டு. முன் விளக்கையும் பின் விளக்கையும் ஒரே பவர் பேங்கில் இணைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. சிவப்புக்கு 2 வோல்ட் போதும், ஆகவே ஒவ்வொரு சின்ன எல்இடிக்கும் தனித்தனியே 150 ஓம். பின்னால் வரைக்கும் ஓடும் ஒயர் பல இழை உள்ளதாக இருக்கட்டும். ஒற்றைக் கம்பி அதிர்விலேயே முறிந்துவிடும். ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் கொஞ்சம் தளர்வாக வளையம் விடுங்கள்.

இந்தப் பின் விளக்கோடு நின்றுவிடாதீர்கள். கடையில் வாங்கியது ஒன்றும் கூடவே இருக்க வேண்டும்.

அப்பாவின் பழைய இருபத்திரண்டு இன்ச் சைக்கிளில் டைனமோ இருக்கிறது. சுற்றுகிறது, ஆனால் விளக்கு எரியவில்லை. தூக்கிப் போடலாமா சார்?

ஐயோ, போடாதீர்கள். டைனமோ அவ்வளவு சீக்கிரம் சாகாது. உள்ளே காந்தமும் சுருளும்தான், வேறென்ன இருக்கிறது கெட்டுப்போக?

பெரும்பாலும் குறை எர்த்தில் இருக்கும். இந்த டைனமோவிலிருந்து விளக்குக்கு ஒரே ஒரு ஒயர்தான் போகும், திரும்பி வருவது சைக்கிளின் இரும்பு வழியாக. கிளாம்ப் இருக்கும் இடத்தில் பெயின்ட் மேல் பெயின்ட் அடித்திருப்பார்கள், இல்லை துரு ஏறியிருக்கும். உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கும் வரை தேயுங்கள், பாதி வண்டிகளில் விளக்கு இதிலேயே எரிந்துவிடும். அப்படியும் வரவில்லை என்றால் இரும்பை நம்பாமல் இரண்டாவது ஒயர் ஒன்று இழுத்துவிடுங்கள். நான் இப்போதெல்லாம் நேராக அதைத்தான் செய்கிறேன்.

அடுத்து, டைனமோ நிற்கும் கோணம். அதன் நடு அச்சை நீட்டிக் கோடு போட்டால் அது சக்கரத்தின் நடுவில் போய்ச் சேர வேண்டும். சாய்ந்திருந்தால் டயரின் பக்கத்தைத் தின்னும், மிதிக்கவும் கனக்கும்.

வழக்கமான டைனமோ 6 வோல்ட், 3 வாட். முன் பல்புக்கு 2.4, பின் பல்புக்கு 0.6 என்று பங்கு. அந்தக் காலத்தில் முன் பல்பு போனால் கூடவே பின் பல்பும் போய்விடும், ஞாபகம் இருக்கிறதா? டைனமோ எப்படியும் அரை ஆம்பியரைத் தள்ளப் பார்க்கும். முன் பல்பு விட்டதும் அந்த அரை ஆம்பியரும் 0.1 ஆம்பியர் தாங்கும் பின் பல்பின் தலையில் விழும். எங்கள் தெருவில் அதை டைனமோவின் சாபம் என்பார்கள்.

இதே குணம் எல்இடிக்கு வரமாகிவிட்டது. டைனமோவின் மாறி மாறிப் பாயும் மின்சாரத்தை ஒரே திசைக்குத் திருப்ப நாலு டயோடு வைத்து ஒரு பிரிட்ஜ், 1000 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்று, அதன் பிறகு இரண்டு 3 வாட் வெள்ளை எல்இடிகள் வரிசையாக, ஒன்றின் மைனஸ் அடுத்ததன் பிளஸில். ரெசிஸ்டரே வேண்டாம், எவ்வளவு வேகமாக மிதித்தாலும் டைனமோ அரை ஆம்பியரைச் சுற்றியே நிற்கும். 1 வாட் எல்இடி மட்டும் போடாதீர்கள், அது தாங்காது. கெபாசிட்டர் 50 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும். எல்இடி ஒயர் விட்டுப்போய்ச் சுமையில்லாமல் சுற்றினால் வோல்ட் கண்டபடி ஏறும், 16 வோல்ட் கெபாசிட்டர் வெடித்துவிடும்.

குறை ஒன்று உண்டு. சிக்னலில் நின்றால் விளக்கும் நின்றுவிடும். அதனால் பேட்டரியில் எரியும் சிவப்பு விளக்கு பின்னால் எப்போதும் இருக்க வேண்டும்.

அண்ணா, என் சைக்கிளில் முன்னால் கூடை. பையை வைத்தால் விளக்கு மறைந்துவிடுகிறது.

ஹேண்டில்பாரை விட்டுவிடுங்கள்மா. கூடையின் முன்பக்கக் கம்பியிலோ, முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கிலோ மாட்டுங்கள். ஃபோர்க்கில் தாழ்வாக இருந்தால் சின்னப் பள்ளத்துக்கும் நீளமான நிழல் விழும், பள்ளம் நன்றாகத் தெரியும். ஒயர் மட்டும் ஆரக்கம்பியில் சிக்காமல் டேக் போட்டு இறுக்குங்கள்.

பின் விளக்கை மின்ன விடுவதா, நிலையாக எரிய விடுவதா?

இரண்டு இருந்தால் ஒன்று மின்னட்டும், ஒன்று நிலையாக எரியட்டும். மின்னுவது கண்ணை இழுக்கும், ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று இருட்டில் கணிக்க முடியாது. நிலையாக எரிவது அதைச் சொல்லும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் நிலையாக. முன்னால் இருட்டில் மின்ன விடவே கூடாது, உங்களுக்கே தலை சுற்றும்.

எதிரே பைக்கில் வருகிறவர்கள் திட்டுகிறார்கள். விளக்கை எவ்வளவு சாய்க்க வேண்டும்?

திட்டுகிறார்கள் என்றால் நியாயமாகத்தான் இருக்கும்.

இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு ஐந்தரை மீட்டர் போகிறோம். பள்ளத்தைக் கண்டு பிரேக்கைப் பிடிப்பதற்குள் எட்டு மீட்டர் போய்விடும், நிற்க இன்னும் ஐந்தாறு மீட்டர். ஆகவே வெளிச்சத்தின் நடு 15 மீட்டர் தூரத்தில் சாலையைத் தொட்டால் போதும். சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி சைக்கிளை நிறுத்துங்கள். விளக்கு தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் இருந்தால், சுவரில் வெளிச்சத்தின் நடு 60 செ.மீ. உயரத்தில் விழ வேண்டும். சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டால் மாதம் ஒருமுறை சரிபார்க்கலாம். ராடு பிரேக் வண்டி என்றால் மழையில் இந்தக் கணக்கு செல்லாது, ஈர ரிம்மில் அது எங்கே பிடிக்கப்போகிறது? மெதுவாகப் போங்கள்.

ஐப்பசி மழையில் வருஷா வருஷம் விளக்கு போய்விடுகிறது.

எல்லா ஓட்டையையும் அடைக்கப் பார்ப்பதுதான் தப்பு. எப்படி அடைத்தாலும் கொஞ்சம் ஈரம் உள்ளே போகும், போனது வெளியே வராது. மேலேயும் பக்கவாட்டிலும் சிலிகான் வையுங்கள், அடியில் ஒரு சின்ன ஓட்டை விடுங்கள். ஒயர் விளக்குக்குள் நுழையும் முன் கீழே தொங்கி மேலே ஏறட்டும், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். சுவிட்ச் மேல் பழைய டியூப் ஒரு துண்டைச் செருகுங்கள்.

காட்பாடி ஸ்டேஷன் பக்கம் நாள் முழுக்க வெயிலில் வண்டி நிற்கிறது. விளக்கை அதிலேயே விடலாமா?

வேண்டாம். திருட்டு ஒரு பக்கம் இருக்கட்டும், மே மாதத்தில் நம் ஊர் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும். லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. வெயிலில் காய்ந்த விளக்கைக் கொண்டுவந்த சூட்டோடு சார்ஜில் போடுவது செல்லைக் கொல்லும் வழி. கழற்றிப் பையில் வையுங்கள், ஆறிய பிறகு சார்ஜ் போடுங்கள். உப்பியிருக்கும் செல்லை உடனே தூக்கிப் போடுங்கள். பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து செல் எடுத்துச் செய்கிறவர்கள், பாதுகாப்பு சர்க்யூட்டும் சேர்ந்த டிபி 4056 சார்ஜிங் பலகையை வாங்குங்கள். அந்த சர்க்யூட் இல்லாததும் அதே பெயரில் விற்கிறது.

விளக்கு இல்லாவிட்டால் போலீஸ் பிடிப்பார்களா?

எங்கள் அப்பா காலத்தில் நிறுத்திக் காற்றைப் பிடுங்கிவிடுவார்களாம். இப்போது யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. புதிய சைக்கிள்களில் தரமான ரிஃப்ளெக்டர் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2020இல் உத்தரவு போட்டது. வாங்கிய கையோடு அதைக் கழற்றி எறிகிறார்களே, அவர்களைத்தான் பிடிக்க வேண்டும்.

அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து விடியற்காலை நாலு மணிக்குப் பால் எடுத்து வருகிறேன். கேரியரின் இரண்டு பக்கமும் கேன். பின் விளக்கு எங்கே மாட்டினாலும் மறைகிறது.

இங்கே கேட்டவர்களில் உங்களுக்குத்தான் விளக்கு அதிகம் தேவை அண்ணா. அந்த நேரத்தில் லாரி ஓட்டுகிறவர் அரைத் தூக்கத்தில் இருப்பார்.

சீட்டுக்கு அடியில் மாட்டாதீர்கள். கேரியரின் பின் விளிம்பிலிருந்து ஒரு சாண் வெளியே நீளும்படி இரும்புப் பட்டை ஒன்றைத் திருகி அதன் நுனியில் ஒரு விளக்கு. இன்னொன்று மட்கார்டின் அடி நுனியில், கேனுக்குக் கீழே. இரண்டு கேனின் பின்பக்கத்திலும் சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப்பைச் சுற்றி ஒட்டுங்கள். கேனைக் கழுவக் கழுவ உரியும், மாதம் ஒருமுறை புதிதாக ஒட்ட வேண்டியிருக்கும். பெடலின் பின்புறத்திலும் ஒரு துண்டு ஒட்டுங்கள். அது மேலும் கீழும் ஏறி இறங்குவதைப் பார்த்தால், தூரத்தில் வருகிறவருக்கு அது கல்லோ கம்பமோ இல்லை, மிதிக்கிற ஆள் என்று புரியும்.

பால் ஊற்றும் முதல் வீட்டில் இறங்கும்போது பின்னால் போய் ஒருமுறை பாருங்கள். இரண்டும் எரிகிறதா?