டம்ப்ஸ்டரை எங்கே இறக்குவது?

கேள்வி: சமையலறையையும் குளியலறையையும் இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறோம். இடிபாடுகளைப் போட டம்ப்ஸ்டர் என்கிற பெரிய இரும்புத் தொட்டி ஒன்றை வாடகைக்கு எடுக்கிறோம். எங்கள் வீட்டு வாசலில்தானே வைக்கிறோம், அதற்கும் பர்மிட் வேண்டுமா? வாடகைக்குத் தருபவர் வேண்டாம் என்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் கட்டாயம் வாங்க வேண்டும் என்கிறார்.

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். வாசல் என்று நீங்கள் சொல்கிற இடம் யாருடையது, அதை முதலில் பாருங்கள். உங்கள் மனைக்குள், கார் நிறுத்துகிற டிரைவ்வேயில் முழுசாக அடங்கிவிட்டால் பெரும்பாலான ஊர்களில் பர்மிட் கேட்பதில்லை. சாலையிலோ நடைபாதையிலோ ஒரு ஓரம் ஏறினால்கூட அது பொது இடம், உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். பலரும் ஏமாறுவது நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவில் இருக்கிற அந்தப் புல் துண்டில்தான்; தண்ணீர் ஊற்றுவது நாம், வெட்டுவது நாம், ஆனால் பத்திரத்தோடு இருக்கிற மனை வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் எல்லைக்கோடு பல வீடுகளில் அதற்கு முன்னாலேயே முடிந்திருக்கும்.

ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள். 20 கன கெஜ டம்ப்ஸ்டர் ஏறக்குறைய 22 அடி நீளம், 8 அடி அகலம். அதைத் தரையில் வரைந்து பாருங்கள், கோடு நடைபாதையைத் தொட்டால் சின்ன அளவாக எடுங்கள், இல்லையென்றால் பர்மிட்டுக்கு விண்ணப்பியுங்கள். அப்படியே தலையைத் தூக்கி மேலேயும் பாருங்கள், லாரி தன் சட்டத்தைச் சாய்த்துத் தொட்டியை இறக்கும்போது மரக்கிளையும் மின்கம்பியும் குறுக்கே வரும். தொட்டியின் இரும்புச் சக்கரம் உருளுகிற இடத்தில் பிளைவுட் பலகை போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சிமென்ட் தரையில் இரண்டு நீளக் கீறல் நிரந்தரமாக நிற்கும்.

குடியிருப்போர் சங்கம் உள்ள இடம் என்றால் அது தனிக் கதை. நகராட்சிக்குத் தேவையில்லாத அனுமதி சங்கத்துக்குத் தேவைப்படலாம், எத்தனை நாள் வைக்கலாம் என்பதையும் அவர்கள் சொல்வார்கள். வாய்ச் சம்மதம் போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: சாலையில்தான் வைக்க முடியும் என்றால் பர்மிட் யார் வாங்க வேண்டும்?

பதில்: ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்க நகரங்களில் பெரும்பாலும் பொதுப்பணித் துறையோ போக்குவரத்துத் துறையோ தருகிறது. சில இடங்களில் வீட்டுக்காரர், சில இடங்களில் வாடகை நிறுவனம் விண்ணப்பிக்க வேண்டும். பிரிட்டனில் இதற்கு ஸ்கிப் என்று பெயர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1980ஆம் வருட நெடுஞ்சாலைச் சட்டத்தின் 139ஆம் பிரிவுப்படி அனுமதியில்லாமல் சாலையில் வைக்கக் கூடாது, இரவில் விளக்கு எரிய வேண்டும், தொட்டியின் மேல் உரிமையாளரின் பெயரும் முகவரியோ தொலைபேசி எண்ணோ இருக்க வேண்டும், நிறைந்தவுடன் கூடிய சீக்கிரம் எடுத்துவிட வேண்டும். எந்த ஊராக இருந்தாலும் இருட்டில் வருகிற சைக்கிள்காரருக்கு அந்த இரும்பு தெரிய வேண்டும் என்பதுதான் இந்த விதிகளின் உயிர். அதனால் உங்கள் ஊரில் யாரும் கேட்காவிட்டாலும் மின்னும் பட்டைகளும் கூம்புகளும் வையுங்கள், தீயணைப்புக் குழாயை மறைக்கவே மறைக்காதீர்கள்.

நிறுவனம் "நாங்களே வாங்கிவிட்டோம்" என்று சொன்னால் சரி என்று விட்டுவிடாமல் பர்மிட்டின் நகலைக் கேளுங்கள். அதில் உள்ள முகவரி, தொடங்கும் நாள், முடியும் நாள் மூன்றையும் வாடகை ரசீதோடு ஒப்பிடுங்கள். வேலை இழுத்துக்கொண்டே போய் வாடகையை நீட்டிப்பவர்கள் பர்மிட்டை நீட்டிக்க மறந்துவிடுகிறார்கள், அப்புறம் அபராதச் சீட்டு வந்த பிறகுதான் தேதியைப் பார்க்கிறார்கள்.

கேள்வி: உடைத்த கான்கிரீட்டையும் அதிலேயே போடலாமா?

பதில்: கேட்டுவிட்டுப் போடுங்கள். கான்கிரீட் ஒரு கன மீட்டர் 2,400 கிலோ வரும், தொட்டி பாதி நிறைவதற்குள் லாரி தூக்கக்கூடிய எடையைத் தாண்டிவிடும். பெயின்ட், பேட்டரி, டயர், ஆஸ்பெஸ்டாஸ் இவற்றைப் பொதுவாக வாங்க மாட்டார்கள். விளிம்புக்கு மேல் குவித்தால் டிரைவர் எடுக்காமலே திரும்பிப் போய்விடலாம், அந்த நாட்களுக்கும் உங்கள் பர்மிட் தேதி ஓடிக்கொண்டிருக்கும்.