எம்.எஸ்சி. இயற்பியல்: எனக்கு இடம் கிடைக்குமா?

கேள்வி: கடலூரில் பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இதுவரை 72 சதவீதம். ஐஐடியிலோ புதுச்சேரி பல்கலைக்கழகத்திலோ எம்.எஸ்சி. சேர வாய்ப்பு எவ்வளவு?

பதில்: 72 சதவீதத்தை வைத்து இதைக் கணிக்க முடியாது. ஐஐடிக்கு ஜாம் (JAM), காலாப்பட்டில் உள்ள புதுச்சேரி பல்கலைக்கழகத்துக்கு க்யூட் பிஜி (CUET PG) என்று தனித்தனி நுழைவுத் தேர்வுகள்; தரவரிசையை முடிவு செய்வது அந்தத் தேர்வு மதிப்பெண்தான்.

ஜாம் பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, இடையில் எழாமல் 3 மணி நேரம் எழுதுங்கள். 60 கேள்வி, 100 மதிப்பெண். அதிகாரபூர்வ விடைக்குறிப்பை வைத்துத் திருத்தியபின், அந்த மதிப்பெண்ணுக்கு அந்த ஆண்டில் எந்த ரேங்க் வந்திருக்கும், உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்குக் கடைசி இடம் எந்த ரேங்கில் முடிந்தது என்று பாருங்கள். தேர்ச்சிக்கான குறைந்தபட்ச மதிப்பெண்ணான தகுதி கட்-ஆஃபோடு ஒப்பிட்டுத் திருப்தி அடையாதீர்கள். அதைத் தாண்டியும் இடம் கிடைக்காதவர்கள் நிறையப் பேர்.

மதிப்பெண்ணைவிட, அது எங்கே போனது என்பது முக்கியம். பாடமே தெரியாததா, தெரிந்தும் கணக்கில் பிசகியதா, நேரம் போதாததா என்று ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் குறியுங்கள். செமஸ்டர் தேர்வில் டெரிவேஷனை முழுதாக எழுதிப் பழகியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது எண்ணை விடையாகத் தரவேண்டிய 20 கேள்விகளில். அவற்றுக்கு 30 மதிப்பெண், நெகட்டிவ் கிடையாது. தினமும் பயிற்சி செய்தால் வேகமாக ஏறும் பகுதியும் அதுதான். ஒன்றுக்கு மேற்பட்ட விடையுள்ள 10 கேள்விகளுக்கு (20 மதிப்பெண்) பாதி மதிப்பெண் இல்லை. ஒரு விடை விட்டுப்போனாலும் பூஜ்யம்.

ஒரே விடையுள்ள 30 கேள்விகளில் தவறுக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். கண்ணை மூடிக் குறித்தால் சராசரி லாபம் பூஜ்யம். ஒரு விடையையாவது உறுதியாக நீக்க முடிந்தால் குறிக்கலாம். க்யூட்டில் சரிக்கு 4, தவறுக்கு 1 கழிவு என்பதால் அங்கே துணிந்து குறிப்பது நல்லது.

சான்றிதழில்தான் நம் மாவட்டப் பிள்ளைகள் அநியாயமாக இடம் இழக்கிறார்கள். தமிழக பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் இந்தச் சேர்க்கைகளில் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி-என்சிஎல் (கிரீமி லேயர் எனும் வசதி படைத்தோர் பிரிவில் வராத பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் வேண்டும், அறிவிப்பில் சொன்ன தேதிக்குப் பிறகு வாங்கியதாக. உங்கள் சமூகம் மத்தியப் பட்டியலில் உள்ளதா என்று பார்த்துவிட்டு இப்போதே விண்ணப்பியுங்கள்.

சில ஐஐடிகள் இளநிலையில் கணிதம் எத்தனை செமஸ்டர் என்றும் கேட்கும். அல்லைடு கணிதம் இரண்டு செமஸ்டர்தான் என்றால், விருப்பப் பட்டியல் போடும்முன் ஒவ்வொரு ஐஐடியின் நிபந்தனையையும் படியுங்கள். க்யூட் எழுதினால் மட்டும் போதாது. முடிவு வந்ததும் புதுச்சேரி பல்கலைக்கழக இணையதளத்தில் தனியாகப் பதிவு செய்யவேண்டும்.