கடன் வாங்கியாவது கொடுக்க வேண்டுமா? – வாசகி கடிதமும் பதிலும்

வணக்கம்.

உங்கள் தளத்தை இரண்டு வருடமாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. நாங்கள் பர்கூர் பக்கம். என் கணவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் பதினொரு வருடம் காண்ட்ராக்ட்டில் இருந்தார். ஆகஸ்டில் ஆள் குறைத்தபோது அவரையும் நிறுத்திவிட்டார்கள். இப்போது கிடைத்த நாளில் வேலை, கிடைக்காத நாளில் வீடு. நான் தைக்கிறேன். பிள்ளைகள் இரண்டு பேர், ஒன்பதாவதும் ஐந்தாவதும்.

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றாலே கொடுப்பதுதான். இருபத்தைந்து வீட்டுக்குப் பலகாரம், இரண்டு நாத்தனார்களுக்கும் புடவை, அவர்கள் பிள்ளைகளுக்குத் துணி, எங்கள் பங்குக் கோயிலில் ஏழைகளுக்குக் கொடுக்கும் அரிசிப் பைக்கு எங்களால் ஆன பணம். மாமனார் காலத்திலிருந்து ஒரு வருடமும் நின்றதில்லை. "கடன் வாங்கியாவது செய்யணும், நம்ம வாசலில் இருந்து யாரும் வெறுங்கையோட போனதில்லை" என்கிறார் மாமியார். மூணு வட்டிக்குப் பத்தாயிரம் தர ஆளும் பார்த்துவிட்டார். நான் வேண்டாம் என்றேன். 'கஞ்சம்' என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல்லில் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

இன்னொன்று. கோயிலில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையிலிருந்து இரண்டு பேர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். போன வருடம் நாங்கள் பணம் போட்ட அரிசிப் பை இந்த வருடம் எங்கள் வீட்டுக்கே வரும் போலிருக்கிறது. அன்று முழுக்க என் கணவர் யாரிடமும் பேசவில்லை. அதை வாங்கலாமா? பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த மூணு வட்டியைப் பேசிவிடலாம், மற்றதெல்லாம் அப்புறம். பத்தாயிரம் என்று சொல்வார்கள், முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு 9,700 தான் கைக்கு வரும். மாதம் 300. அடுத்த கிறிஸ்துமஸ் வரும்போது 3,600 ரூபாய் வட்டி கட்டியிருப்பீர்கள், அசல் பத்தாயிரம் அப்படியே நிற்கும். ஒரு ஜாக்கெட்டுக்கு 150 ரூபாய் கூலி என்று வைத்தால் 24 ஜாக்கெட் அந்த வட்டிக்காக மட்டும் தைக்க வேண்டும். நீங்கள் வேண்டாம் என்றது கஞ்சத்தனம் இல்லை. இந்தப் பத்தியை உங்கள் மாமியாருக்கு நான் சொல்வதாகவே படித்துக் காட்டுங்கள்.

கணக்குத் தெரிந்ததால் மட்டும் இதைச் சொல்லவில்லை. நானே அந்த வட்டிக்கு வாங்கியிருக்கிறேன். 2016 டிசம்பர். அந்த வருடம் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு, எங்கள் ஊர்ப் பக்கம் கிணறெல்லாம் அடிமண் தெரிந்து கிடந்தது. நவம்பர் 8 ராத்திரி 500, 1000 நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். ஏ.டி.எம்.மில் ஒரு நாளைக்கு 2,500 ரூபாய், அதுவும் பணம் இருக்கும் ஏ.டி.எம். கண்ணில் பட்டால். மாவட்டக் கூட்டுறவு வங்கிகளில் பழைய நோட்டை வாங்கக் கூடாது என்று நிறுத்தியதில், எங்கள் அப்பாவைப் போல அந்த ஒரு வங்கியை மட்டும் நம்பியிருந்த விவசாயிகள் எங்கே போவது என்று தெரியாமல் நின்றார்கள். டிசம்பர் 5 ராத்திரி முதலமைச்சர் இறந்து கடைகள் அடைத்தன. நான் வேலை பார்த்த இடத்தில் அந்த மாதம் பாதி நாள் வேலை இல்லை, பாதிச் சம்பளம்.

அப்போதும் நான் ஊருக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று நினைத்தேன். தெரிந்த ஒருவரிடம் மூணு வட்டிக்குப் பத்தாயிரம், புது நோட்டாகவே. எல்லோருக்கும் துணி, ஒரு பெரிய கேக், சுற்றிச் சுற்றி எரியும் பிளாஸ்டிக் நட்சத்திரம். அம்மா புடவையைத் தடவிப் பார்த்தார். விலையைக் கேட்கவில்லை. "என்ன வட்டி?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் நின்றதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. நள்ளிரவுத் திருப்பலிக்கு என் மனம் நோகக் கூடாதென்று அந்தப் புடவையைத்தான் கட்டிக்கொண்டு வந்தார், ஆனால் அதற்கப்புறம் அதை அவர் கட்டி நான் பார்த்ததில்லை. அந்தக் கடனை அடைக்க எனக்கு அடுத்த தீபாவளி வரை ஆனது. இன்றும் அதை நினைத்தால் எனக்கு வலிக்கிறது, பணத்துக்காக இல்லை. கொடுத்ததாக நான் நினைத்துக்கொண்டதை அம்மா ஒரு பாரமாக வாங்கிச் சுமந்தார், அதனால்.

அதே டிசம்பரில் அம்மா ஒரு ரூபாய் கடன் வாங்காமல் என்னைவிட அதிகமாகக் கொடுத்தார். அது எப்படி என்பதுதான் உங்களுக்கு நான் எழுத வேண்டியது.

அம்மாவின் பிறந்த வீடு பாப்பிரெட்டிப்பட்டி பக்கம். அங்கே பாட்டி காலத்திலிருந்து ஒரு பழக்கம். திருவருகைக் காலத்தின், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு வாரத்தின், முதல் ஞாயிறிலிருந்து, ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் அளந்த அரிசியில் ஒரு கைப்பிடியைத் திரும்ப எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிடுவது. களி கிளறும் நாளில் ராகி மாவு, அதற்குத் தனி டப்பா. அந்த வருடம் முதல் ஞாயிறு நவம்பர் 27. டிசம்பர் 24 வரை 28 நாள், இரண்டு வேளை, 56 பிடி. அம்மாவின் கை சின்னக் கை, அரிசியும் மாவுமாக இரண்டரைக் கிலோ தேறியது. மிசோரம் தேவாலயங்களில் நூறு வருடத்துக்கும் மேலாகப் பெண்கள் இப்படித்தான் கைப்பிடி அரிசி எடுத்து வைக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். இரண்டரைக் கிலோ பெரிய அளவு இல்லைதான். ஆனால் அது மிச்சத்திலிருந்து வந்தது இல்லை என்பதைக் கவனியுங்கள். உலையில் விழுவதற்கு முன்பே எடுத்தது. மிஞ்சினால் கொடுக்கலாம் என்று இருந்திருந்தால் அந்த வருடம் எங்கள் வீட்டில் ஒரு மணிகூட மிஞ்சியிருக்காது.

அம்மா மகளிர் குழுவில் இருந்தவர். தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் முதலில் தொடங்கியதே நம் பக்கம்தான், 1989-ல், கிருஷ்ணகிரி பிரியாமல் ஒரே தர்மபுரி மாவட்டமாக இருந்தபோது, பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. குழுவின் முதல் பாடமே முதலில் சேமிப்பு, அப்புறம்தான் கடன். அம்மா கொடுப்பதையும் அப்படியே வைத்துக்கொண்டார், முதலில் இல்லாதவர்கள் பங்கு, அப்புறம் நம் சாப்பாடு.

சரி, இருபத்தைந்து வீட்டுப் பலகாரத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டிலும் இருபது இருபத்திரண்டு வீடு உண்டு, பாதிக்கு மேல் இந்து வீடுகள், இரண்டு முஸ்லிம் வீடுகள். தீபாவளிக்கு அவர்கள் கொடுத்தனுப்பிய தூக்குவாளிகளும் டப்பாக்களும் எங்கள் வீட்டில் இருந்தன. அந்த வருடத் தீபாவளி அக்டோபர் 29, நோட்டு செல்லாமல் போவதற்குப் பத்து நாள் முன்னால், அதனால் அவர்கள் வழக்கம்போல நிறையவே செய்திருந்தார்கள். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எண்ணெய்க்கும் வெல்லத்துக்கும் பணம் இல்லை. ராகியில் ஊடுபயிராகப் போட்டிருந்த அவரை பாதியாவது காய்த்திருந்தது. அதை உரித்து, ராத்திரி ஊறப்போட்டு, காலையில் உட்கார்ந்து தோலைப் பிதுக்கி எடுத்து, ஒவ்வொரு பாத்திரத்திலும் இரண்டு கைப்பிடி பிதுக்கம்பருப்பு போட்டுக் கொடுத்தனுப்பினோம். மார்கழிக் குளிரில் சுடச்சுடக் களிக்குப் பிதுக்கம்பருப்புக் குழம்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உரித்துப் பிதுக்குவது விரல் நோகும் வேலை, அது தெரிந்தவர்கள்தான் எல்லா வீட்டிலும் இருந்தார்கள், அதனால் யாரும் பலகாரம் எங்கே என்று கேட்கவில்லை. உங்கள் ஊரில் அவரை கொட்டிக் கிடக்கும் மாதம் இது. உங்கள் மாமியாரைத் தலைமையாக உட்கார வைத்து இந்த வேலையைச் செய்யுங்கள். அவருடைய பயம் பணத்தைப் பற்றியது இல்லை, அந்த வாசலின் பெயரைப் பற்றியது. அந்தப் பயத்தை மதியுங்கள். பெயரைக் காப்பாற்ற எண்ணெய்ச் சட்டிதான் வேண்டும் என்பது மட்டும்தான் தவறு.

அந்தக் கைப்பிடி அரிசி எங்கே போனது என்று சொல்ல வேண்டும். கோடி வீட்டில் ஓர் ஆயா தனியாக இருந்தார், மகன் பெங்களூரில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து படுத்திருந்தான். அந்த ஆயா யாரிடமும் ஒன்று வாங்க மாட்டார். அம்மா அரிசியைத் தூக்கிக்கொண்டு போய் நீட்டவில்லை. இருந்த கொஞ்சம் வெல்லத்தை எடுத்து வைத்துவிட்டு, 24-ம் தேதி காலையில் போய், "ஆயா, எனக்கு அதிரசப் பாகு எப்பவும் முறுகிப் போகுது, நீங்க வந்து பதம் பாத்துக் கொடுங்க, உங்கள விட்டா ஆளு இல்ல" என்று கூப்பிட்டார். அம்மாவுக்குப் பாகு நன்றாகவே வரும். ஆயா வந்து அடுப்படியில் உட்கார்ந்து, அம்மாவைத் திட்டித் திட்டிப் பாகு காய்ச்சினார். எங்கள் பிள்ளைகளுக்குப் பதினைந்து அதிரசம் வந்திருக்கும், அவ்வளவுதான். சாயங்காலம் போகும்போது அரிசியும் மாவும் பருப்பும் இரண்டு அதிரசமும் கூலி மாதிரி அவர் கூடையில் ஏறின. ஆயா தலை நிமிர்ந்து போனார். நான் வாங்கி வந்த கேக் மேஜைமேல் இருந்தது.

உங்கள் கணவரை நினைத்துத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதினேன். பதினொரு வருடம் உழைத்த மனிதர் அரிசிப் பையைப் பார்த்து வாயடைத்துப் போனது எனக்குப் புரிகிறது. வாங்குங்கள், சகோதரி. வின்சென்ட் தே பவுல் சபையை 1833-ல் பாரிஸில் தொடங்கியது மாணவர்கள், அவர்களில் முதன்மையானவரான ஓசானாமுக்கு அப்போது இருபது வயது. அவர்கள் தொடக்கத்திலிருந்து பிடித்த வழி, இல்லாதவர்களை வரிசையில் நிற்க வைக்காமல் இரண்டு பேராக அவர்கள் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேசுவது. உங்கள் வீட்டுக்கும் இரண்டு பேர்தான் வந்தார்கள். அவர்களிடம் உங்கள் கணவரே பேசட்டும், பையைப் பற்றி மட்டுமே பேசி முடித்துவிட வேண்டாம். பங்கில் குடில் கட்ட, பந்தல் போட, மற்ற வீடுகளுக்கு மூட்டையைச் சுமந்துபோக ஆள் வேண்டியிருக்கும், நான் வருகிறேன் என்று சொல்லட்டும். கம்பெனியில் வேலை பார்த்தவருக்கு வயரிங் தெரிந்திருந்தால் கோயில் சீரியல் விளக்கைப் பார்த்துக் கொடுக்கலாம். எங்கேயாவது வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா என்றும் அவர்களிடமே வெட்கப்படாமல் கேட்கட்டும், நாலு வீடு ஏறி இறங்குகிறவர்களுக்குத்தான் அந்தச் செய்தி முதலில் தெரியும். போன வருடம் நீங்கள் போட்ட பணம் இந்த வருடம் உங்களைப் போல ஒரு வீடு வரும் என்றுதான் போட்டது. அந்த வீடு உங்களுடையதாக இருக்கக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை.

பிள்ளைகளிடம் உள்ளதைச் சொல்லுங்கள். ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும், நீங்கள் சொல்லாததுதான் அதற்குப் பயம். அப்பாவுக்கு வேலை இல்லை, இந்த வருடம் புதுத்துணி இல்லை, ஆனால் கிறிஸ்துமஸ் உண்டு என்று நேராகச் சொல்லிவிடுங்கள். சின்னதுக்கு வேலை கொடுங்கள். பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் ஒரு தட்டில் மண் போட்டு ராகியைத் தூவித் தண்ணீர் தெளித்து வந்தால் குடிலுக்குப் பச்சைப் பசேல் என்று புல் ரெடி. நட்சத்திரத்துக்கு மூங்கில் குச்சியும் வண்ணத் தாளும் பசைக்குக் கொஞ்சம் மைதாவும் போதும். நீங்கள் தைப்பவர், வெட்டுத்துணி வீட்டில் இருக்கும்.

அந்த வெட்டுத்துணியை வைத்துத்தான் நாத்தனார்கள் விஷயத்தையும் யோசித்தேன். புடவை இந்த வருடம் வேண்டாம். ஆனால் அன்றைக்கு அவர்கள் வந்து நிற்கும்போது இல்லை என்று சொல்லாதீர்கள், அதுதான் மனத்தாங்கலாக மாறும். இப்போதே, இந்த வாரமே, உங்கள் கணவர் போன் போட்டு அக்கா தங்கையிடம் தானே சொல்ல வேண்டும், நீங்களோ மாமியாரோ சொல்லக் கூடாது. "இந்த வருஷம் முடியல, நீங்க எல்லாரும் பிள்ளைகளோட வாங்க, சேர்ந்து சாப்பிடலாம்" என்று. பிள்ளைகளின் பள்ளிக்கூடத் துணியிலோ உங்கள் நாத்தனார்களின் ஜாக்கெட்டிலோ தைக்க வேண்டியது இருந்தால் எடுத்து வரச் சொல்லுங்கள், கூலி வாங்காமல் தைத்துக் கொடுங்கள். அண்ணன் வீட்டு நிலைமை தெரிந்தும் புடவைக்காக முகம் சுளிப்பவர்களாக இருந்தால் பத்தாயிரம் வாங்கி எடுத்துக் கொடுத்தாலும் அந்த முகம் நேராகாது. பெரும்பாலும் அப்படி ஆகாது. அவர்களே ஒரு கிலோ சர்க்கரையோ கோழியோ கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள், அப்போது வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

வட்டிக்குத் தர மாமியார் ஆள் பார்த்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்த ஆளுக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். மாமியாரிடம் பேசியது என்ன ஆனது என்று எழுதுங்கள், பெயர் போட மாட்டேன்.