சுருக்கிய பாய் ஏன் வயிறு வைக்கிறது?

கேள்வி: 16 அடி ஃபைபர் பாய்ப்படகு ஒன்றை வாங்கி, சேலம் கன்னங்குறிச்சியில் வீட்டு வாசலில் டிரெய்லரோடு நிறுத்தியிருக்கிறேன். ஓட்டுவது வேம்பநாட்டுக் காயலில். மதியத்துக்கு மேல் காற்று ஏறும்போது மெயின் பாயை ரீஃப் போட்டு, அதாவது அடிப்பகுதியை மடக்கிக் கட்டிச் சுருக்கினால், அது வயிறு வைத்துக்கொள்கிறது. போன முறை நடுவிலிருந்த சின்னத் துளை ஒன்று கிழிந்தேவிட்டது. எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் இழுக்கும்படி மாற்றிவிடலாமா?

பதில்: எந்தத் துளை கிழிந்தது என்று நீங்கள் சொன்னதிலேயே பாதி விடை வந்துவிட்டது. பாயின் குறுக்கே வரிசையாக இருக்கும் சின்னத் துளைகள், சுருக்கியபின் தொங்கும் துணியை ஒதுக்கிக் கட்டுவதற்கு மட்டுமே. காற்றின் சுமையைத் தாங்குபவை கண்கள் எனப்படும் இரண்டே பெரிய துளைகள்: பாய்மரத்தை ஒட்டிய முன்கண், பாயின் பின்விளிம்பில் இருக்கும் பின்கண். பின்கண் பின்பக்கமாக இறுக இழுபடவில்லை என்றால் பாயின் அடி தளர்ந்து வயிறு வைக்கும். இழுப்பெல்லாம் நடுத்துளைகள் மேல் விழும். பாயின் பரப்பு குறைந்தும் படகு பழையபடியே சாய்வதற்கும் அந்த வயிறுதான் காரணம்.

ஒற்றைக் கயிறு வேண்டாம். அது இரண்டு கண்களிலும் நுழைந்து நாலைந்து இடத்தில் வளைந்து வரவேண்டும். அத்தனை இடத்திலும் உராய்வு. முன்கண் இறுகிவிடும், பின்கண் பாதியில் நிற்கும். உங்கள் படகில் பாய்மரம் எட்டிப் பிடிக்கும் தூரத்தில்தானே இருக்கிறது? முன்கண்ணுக்கு ஒரு கொக்கி, பின்கண்ணுக்கு ஒரு கயிறு, அது போதும்.

முக்கியமான வேலை, பூமில் (பாயின் அடியை ஒட்டிப் படுக்கையாக நீளும் தண்டில்) கப்பியை எங்கே பொருத்துவது என்பது. காற்றில்லாத விடியற்காலையில் பாயை ஏற்றுங்கள். முன்கண்ணைக் கொக்கியில் மாட்டி, பாயை ஏற்றும் கயிறான ஹாலியார்டை இறுக்குங்கள். பிறகு பின்கண்ணைக் கையால் பிடித்து, பாயின் அடி விறைக்கும்வரை பின்னாலும் கீழாலும் இழுத்து, அது பூமைத் தொடும் இடத்தில் பென்சில் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு 4 முதல் 5 செ.மீ. பின்னால் ஒரு பக்கம் கப்பி. அதே நேரில் மறுபக்கம் கயிற்று நுனியைக் கட்ட ஒரு வளையம். இப்படி வைத்தால்தான் கயிறு கீழேயும் பின்னாலும் சேர்த்து இழுக்கும். கப்பி கோட்டுக்கு முன்னால் போனால் பாய் கீழே வரும், அடி விறைக்காது. உங்கள் படகில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். ரொம்பப் பின்னால் தள்ளினால் அடி விறைக்கும், பின்விளிம்பு படபடவென்று அடித்துக்கொள்ளும்.

கயிறு போகும் வழி: வளையத்தில் போலைன் முடிச்சு (இறுகாத கண்ணி முடிச்சு), மேலே ஏறிப் பின்கண்ணில் நுழைந்து, மறுபக்கம் இறங்கிக் கப்பி வழியாக, பூமை ஒட்டி முன்னால் வந்து, கயிற்றைப் பூட்டிவைக்கும் கிளீட்டில் முடியும். நுனியில் எட்டு முடிச்சு போடுங்கள், இல்லாவிட்டால் ஒருநாள் கயிறு உருவிக்கொண்டு போகும். நீளம் பாயை முழுதாக ஏற்றிய நிலைக்குக் கணக்கிட வேண்டும். பின்கண் 70 செ.மீ. உயரம் என்றால் ஏற இறங்க 1.4 மீட்டர், கப்பியிலிருந்து கிளீட் வரை 1.7, முடிச்சுக்கும் கைப்பிடிக்கும் 1, மொத்தம் 4.1. நாலரை மீட்டராக வாங்குங்கள்.

6 மி.மீ. பாலியெஸ்டர் பின்னல் கயிறுதான் சரி. 5 மி.மீ. பலத்துக்குப் போதும், ஆனால் ஈரக் கையை அறுக்கும். நைலான் ஒவ்வொரு காற்று வீச்சுக்கும் நீண்டு கொடுக்கும். சங்ககிரிப் பக்கம் லாரியில் தார்ப்பாய் கட்டும் பிளாஸ்டிக் கயிறு வழுக்கும், வெயிலில் பொடிந்துபோகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பற்றிச் சேலத்துக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. உப்புத் தண்ணீருக்கு 316 தரமா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். அலுமினியப் பூமில் பொருத்தும்போது நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வையுங்கள், இல்லையென்றால் அலுமினியம் அரித்துப்போகும்.

இனி வரிசை. பூமை உள்ளே இழுக்கவும் வெளியே விடவும் உதவும் மெயின்ஷீட் கயிற்றையும், பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் வாங் கயிற்றையும் முதலில் தளர்த்துங்கள்; வாங் இறுகியிருந்தால் பூம் மேலே வராது, எவ்வளவு இழுத்தாலும் பின்கண் வந்து சேராது. அடுத்து ஹாலியார்டை இறக்கி முன்கண்ணை மாட்டுங்கள். அது கொக்கிவரை வரவில்லை என்றால், பாயைப் பாய்மரக் காடியில் பிடித்திருக்கும் ஸ்லைடுகளில் அடியிலுள்ள ஒன்று தடுத்துக்கொண்டிருக்கும். அதைக் கழற்றிவிட வழி வேண்டும். ஹாலியார்டை மறுபடி இறுக்கிய பிறகே பின்கயிறு. பின்கண் பூமோடு ஒட்டும்வரை இழுத்துக் கட்டி, ஒரு மீட்டர் துண்டுக் கயிற்றால் பின்கண்ணையும் பூமையும் சேர்த்து இன்னொரு கட்டு. கயிறு அறுந்தாலும் பாய் தப்பிக்கும்.

நடுத்துளைகள் கடைசி. சாரணர் படையில் சொல்லித்தரும் ரீஃப் முடிச்சுக்குப் பெயர் வந்ததே இந்த வேலையால்தான். ஷூ லேஸ் போல ஒரு பக்கம் வளையம் விட்டு, விரல் நுழையும் தளர்வோடு கட்டுங்கள். பாயின் அடி பூமோடு கோக்கப்படாமல் தனியே நின்றால், கட்டு பாய்க்கும் பூமுக்கும் இடையே போகட்டும், பூமைச் சுற்ற வேண்டாம். பிரிக்கும்போது முதலில் அவிழ்ப்பதும் இவற்றைத்தான். ஒன்றை மறந்துவிட்டு ஹாலியார்டை இழுத்தால் கிழிசல் அங்கேயே தொடங்கும்.

ஹாலியார்டில், ரீஃப் நிலையில் கிளீட்டில் அமரும் இடத்தில், கறுப்பு நூலால் சுற்றி ஓர் அடையாளம் வையுங்கள். எவ்வளவு இறக்குவது என்ற தடுமாற்றம் அதோடு போய்விடும்.

இதையெல்லாம் வீட்டு வாசலில் டிரெய்லரிலேயே பத்துத் தடவை பழகலாம், சக்கரத்துக்குக் கல் கொடுத்து, படகின் மூக்கைக் காற்றுக்கு நேரே திருப்பி. சேர்வராயன் மலைப்பக்கம் கோடை இடி கறுத்தால் பாயை உடனே இறக்கிவிடுங்கள். அந்தக் காற்று டிரெய்லரோடு படகைக் கவிழ்க்கும். பாய்மரத்தை நிமிர்த்துமுன் தெருவின் மின்கம்பியை அண்ணாந்து பாருங்கள். உங்கள் பாய்மரம் அலுமினியம். கம்பி பக்கத்தில் இருந்தால் வாசல் வேண்டாம், திறந்த மைதானத்துக்குக் கொண்டுபோங்கள்.